காரணம் சொல்லாத கறுப்பு

அவள் பெயரை எழுதமாட்டேன். அவளைப் பற்றி ஒருமுறை நான் வாயைத் திறந்ததே போதும். பிஸிக்ஸ் மிஸ் என்றே சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். நான் தமிழ் மிஸ். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே மூன்று மாடிக் கட்டடம், மொட்டைமாடியில் தகரம் போட்ட ஒரு ஹால், அதுதான் எங்கள் பள்ளி. அங்கே இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். அதன் முதலாளியை முதலாளி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், கரெஸ்பாண்டன்ட் என்றுதான் சொல்லவேண்டும். டீச்சர்கள் ஒழுங்காக உடுத்தி வருகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பை அவர் என் தலையில் கட்டியிருந்தார். சீனியராம் நான்.

உடைக்கான விதிகள் ஒரு பக்கத் தாளில் இருந்தன. காட்டன் புடவை. மடிப்பு எடுத்துத் தோளில் பின் குத்தவேண்டும். ரவிக்கைக் கை முழங்கை வரை. தலை பின்னல் அல்லது கொண்டை. மேக்கப் அளவாக. திங்கள்கிழமை எல்லாரும் யூனிஃபார்ம் புடவை. அவ்வளவுதான். கறுப்பு கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வரக்கூடாது என்றும்தான் எழுதவில்லை.

பிஸிக்ஸ் மிஸ் வேலையில் சேர்ந்த அன்று அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். மறுநாள் கறுப்புக் காட்டனில் வந்தாள்.

பார்த்த உடனே பகீரென்று ஆகிற கறுப்பு இல்லை. பீட்ரூட் வெந்த தண்ணீர் நிறத்தில் மெல்லிய கரை ஓடியது. ரவிக்கையின் கழுத்து மேலேறி நின்றது, கை முடிகிற இடத்தில் விரலகலத்துக்குக் கறுப்பு லேஸ். காதில் கறுத்த வெள்ளியில் ஒரு தொங்கட்டான். கிட்டே போய்ப் பார்த்தால்தான் அது சிறகை மடக்கிய வௌவால் என்று தெரியும். நான் கிட்டே போய்ப் பார்த்தேன், என் வேலை அது. கண்ணில் மை. உதட்டில் நாவல்பழம் தின்றுவிட்டுத் துடைக்காத மாதிரி ஒரு சாயம். நெற்றியில் கடுகளவு கறுப்புப் பொட்டு. கை நகங்களில் ஒன்றுமில்லை. கால் நகம் பத்தும் கறுப்பு, ஆனால் மூடிய செருப்புக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியாது. ஆயுத பூஜைக்கு எல்லாரும் செருப்பைக் கழற்றியபோதுதான் நான் பார்த்தேன்.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு விதியைக்கூட அவள் மீறவில்லை. அவள் மேல் எனக்கு முதலில் வந்த கோபம் அதனால்தான்.

யூனிஃபார்ம் புடவை ரோஸ் நிறம், அதில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. கரெஸ்பாண்டன்டின் மனைவி பார்த்து எடுத்தது. திங்கள்கிழமை பிரேயரில் நாங்கள் முப்பது பேரும் வரிசையாக நின்றால் ஐஸ்கிரீம் கடைத் திறப்புவிழா மாதிரி இருக்கும். அவளும் அதைக் கட்டினாள், கறுப்பு ரவிக்கையோடு. ரோஸ் வரிசையில் அவள் தோள் மட்டும் தனியாகத் தெரிந்தது.

"ரவிக்கை மேட்சிங்கா இருக்கணும் மிஸ்" என்றேன்.

"தாள்ல புடவைன்னுதான் மிஸ் போட்டிருக்கு."

"எல்லாரும் மேட்சிங்காத்தான போடறாங்க."

"ஆமா மிஸ். பார்த்தேன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முறைப்பு இல்லை, நக்கல் இல்லை. நான் இன்னும் ஏதாவது சொல்லப்போகிறேனா என்று மரியாதையாகக் காத்திருந்தாள். போய்ட்டு வாங்க என்றேன்.

ஒரு வார்த்தைதான் அவளிடம் இருந்தது. பிடிக்கும். ஏன் கறுப்பு என்று யார் கேட்டாலும் அதுதான். ஸ்டாஃப் ரூமில் கேட்காத ஆள் கிடையாது. அவள் காதலித்தவன் ஈசிஆரில் பைக் மோதிச் செத்துப்போனான் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். அவள் குடும்பம் கறுப்புச் சட்டைக் கட்சி, சாமி கும்பிடாது என்றாள் இன்னொருத்தி. அவளிடமே போய்க் கேட்டும் விட்டாள். "இல்ல மிஸ், எங்க வீட்ல வெள்ளிக்கிழமை தவறாம சாம்பிராணி போடுவாங்க" என்று பதில் வந்தது. அப்புறம் ஏன் கறுப்பு? பிடிக்கும் மிஸ்.

அவளுக்கு ஆதரவாகப் பேசியது பிரெஞ்சு மிஸ் ஒருத்தர்தான். பாதிச் சொந்தம் பிரான்ஸில் இருக்கிற குடும்பம் அவர்களுடையது. "பாரீஸ்ல எங்க அண்ணி வீட்ல எல்லாரும் நுவார்தான் போடுவாங்க. கல்யாணத்துக்கே நுவார். இங்கதான் ஒரு கறுப்பைப் பார்த்து இவ்ளோ பதறறீங்க" என்பார். அடுத்த வருஷமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அத்தோடு அந்த ஆதரவும் போனது.

பிள்ளைகளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண் எனக்கு விளக்கினாள். "அது கோத்திக் ஸ்டைல் மிஸ். ஆனா நம்ம மிஸ் ரொம்ப அடக்கமா பண்றாங்க, வேலைக்கு வர்ற மாதிரி." அது என்ன இழவு என்று எனக்குப் புரியவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பிஸிக்ஸ் மிஸ்ஸிடமே கேட்டேன். கறுப்பு உடுப்பு, வெள்ளி நகை, கறுத்த உதடு, அதற்கென்று ஒரு பாட்டு, அதையெல்லாம் விரும்புகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னாள்.

"செத்தவங்களுக்குத் துக்கம் காக்கறதா?"

"இல்ல மிஸ். உயிரோட இருக்கறவங்கதான் போட்டுக்கறாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவள் என்னோடு சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான் என்று இப்போது நினைத்துப் பார்க்கையில் தெரிகிறது.

வகுப்பில் அவள் வேறு ஆள். காரணம் இல்லாமல் ஒரு விடையையும் ஏற்கமாட்டாள். பக்கத்து வகுப்பில் நான் செய்யுள் நடத்திக்கொண்டிருப்பேன், சுவர் தாண்டி அவள் குரல் கேட்கும். "சரி. ஏன்?" பிள்ளை ஏதோ சொல்லும். "அது ஏன்?" மறுபடி ஏதோ சொல்லும். "அதான் ஏன்?" விடாமல் கிணற்றின் அடிவரைக்கும் இறக்கிவிட்டுத்தான் மேலே தூக்குவாள். பிள்ளைகள் அவளிடம் நடுங்கின, ஆனால் அவள் பீரியடுக்கு யாரும் லீவு போடமாட்டார்கள். ஒரு பையன் துணிந்து கேட்டானாம், கறுப்பு சூட்டையெல்லாம் உள்ளே இழுக்குமே மிஸ், உங்களுக்கு வேர்க்கலையா என்று. "வேர்க்குது. நீ நோட்டை எடு" என்றாளாம்.

ஒரு நாள் நானே மடக்கினேன். "புள்ளைங்கள ஏன் ஏன்னு குடையறீங்க. உங்களைக் கேட்டா மட்டும் பிடிக்கும்னு ஒத்தை வார்த்தையில முடிச்சிடறீங்களே."

"அதுக்குக் காரணம் வேணும் மிஸ். இதுக்கு வேணாம்."

கார்த்திகை பிறந்ததும் பி.டி. சார் மாலை போடுவார். ஐயப்பனுக்கு. நாற்பத்தெட்டு நாளும் கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி, வெறுங்கால், தாடி. உடை விதித் தாளில் ஆண்களுக்குப் பேன்ட் சட்டை, ஷூ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. யார் கேட்டார்கள்? பிள்ளைகள் காலில் விழுவார்கள். கரெஸ்பாண்டன்ட் அவரைப் பார்த்தால் சாமி சரணம் என்று கைகூப்புவார். காலையில் பிரேயரில் பி.டி. சார் மேடைக்கு இந்தப் பக்கம் நிற்பார், பிஸிக்ஸ் மிஸ் அந்தப் பக்கம் நிற்பாள். இரண்டும் கறுப்புதான். ஒன்றைப் பார்த்துப் பெற்றோர் கும்பிட்டார்கள், மற்றதைப் பார்த்து முணுமுணுத்தார்கள். எனக்கே அது நன்றாகத் தெரிந்தது. அதிலிருந்துதான் பின்னால் எனக்கு அந்த யோசனை வந்தது, பாழாய்ப்போன யோசனை.

அது அவளுக்கு மூன்றாவது வருஷம். எங்கள் பள்ளியில் மூன்று வருஷம் முடிந்தால்தான் பெர்மனென்ட் ஆர்டர் கொடுப்பார்கள். அதுவரைக்கும் ஏப்ரல் மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜூனில் கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவள் அப்பா முதலியார்பேட்டைக்காரர். மில்லில் இருந்து, மில் மூடினபின் ஒரு ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர், கண் மங்கி அதையும் விட்டுவிட்டார். வீடு அவள் ஒருத்தியின் வேலையில் நின்றது. அந்த ஆர்டருக்காக அவள் காத்திருந்தது எனக்குத் தெரியும். அவள் வாய்விட்டுச் சொன்ன ஆசை அது ஒன்றுதான். "ஆர்டர் வந்துட்டா ஜூன்ல போன் அடிக்குமா அடிக்காதான்னு பார்த்துக்கினே இருக்க வேணாம் மிஸ்" என்றாள் ஒருமுறை, டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டே.

அந்த வருஷம் அவளைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை ஆக்கினார்கள். ஆக்கின மாதமே பெற்றோர் புகாரோடு கிளம்பிவிட்டார்கள். ஒரு தாய் கரெஸ்பாண்டன்ட் அறைக்குள் நின்று போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டது. "பப்ளிக் எக்ஸாம் எழுதற புள்ள சார். காலையில முதல் பீரியடே கறுப்புல முழிச்சா வெளங்குமா? இன்னா ஸ்கூல் சார் இது?"

அந்த அம்மா போனதும் கரெஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா மிஸ் இது. அந்தப் பொண்ணு ஏன் இப்படி வருது? நீங்கதான உடைக்கு இன்சார்ஜ். ஒண்ணு கலர் மாத்தச் சொல்லுங்க, இல்லனா ஏப்ரலோட பார்த்துக்கலாம்."

அவர் மேஜைக்குப் பின்னால் திருநள்ளாறு சனீஸ்வரன் படம் மாட்டியிருக்கும், எள் தீபத்தின் புகை ஏறி மேல்பக்கம் கறுத்துப்போன படம். வருஷா வருஷம் காரைக்காலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவார். ஜாதகம் பார்க்காமல் பள்ளிக்கு ஒரு பெஞ்சுகூட வாங்கமாட்டார். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"அவங்களுக்கு ஏழரைச் சனி நடக்குது சார். நளன் குளத்துல முழுகிட்டு வந்திருக்காங்க. ஜோசியர்தான் முடியறவரைக்கும் கறுப்பு கட்டச் சொல்லியிருக்காராம். பரிகாரம் சார். வெளில சொல்லக் கூடாதுன்னு சொல்லாம இருக்காங்க."

கரெஸ்பாண்டன்ட் முகம் அப்படியே மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடா. முன்னாடியே சொல்லக் கூடாதா மிஸ். பகவான் விஷயமாச்சே. நான் பாட்டுக்கு ஏதாவது பேசியிருந்தா என்னா ஆவறது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெற்றோரை அவரே சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். நான் படியிறங்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெண்ணின் வேலையை ஒரே வாக்கியத்தில் காப்பாற்றிவிட்டேன் என்று அவ்வளவு பெருமை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"ஏன் மிஸ்?"

பிள்ளைகளிடம் கேட்கிற அதே ஏன்.

"ஒன் வேலைக்குத்தாம்மா. வேற எதுக்கு?" அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளை ஒருமையில் பேசினேன். உதவி செய்துவிட்டால் உரிமையும் வந்துவிடுகிறது.

"எனக்கு ஏழரை இல்ல மிஸ். என் ராசிகூட எனக்குத் தெரியாது."

"தெரிய வேணாம். யாராவது கேட்டா தலைய மட்டும் ஆட்டு. ஆர்டர் வர்றவரைக்கும்."

அவள் தலையாட்டவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது. "போய்ட்டு வரேன் மிஸ்" என்று ஏறிக்கொண்டாள்.

ஒரு பொய்க்கு இத்தனை கால் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. முன்பு அவள் உடுப்பை முணுமுணுத்தவர்கள் இப்போது பரிதாபப்பட்டார்கள், பரிதாபப்பட்டுக்கொண்டே தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் டிபன் டப்பாவிலிருந்து யாரும் எடுப்பதில்லை. அவள் பேனாவை இரவல் வாங்கியவள் ஒருத்தி, மறுநாள் அதை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். என் கண்ணால் பார்த்தேன். கெமிஸ்ட்ரி மிஸ் ஒரு சனிக்கிழமை எள்ளுருண்டை செய்துகொண்டு வந்து, பரிகாரத்துக்கு நல்லது, காக்காவுக்கு வை என்று பயபக்தியோடு கொடுத்தாள். இவள் டப்பாவைத் திறந்து அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்தாள். "நல்லா இருக்கு மிஸ். எள்ளுருண்டைன்னா எனக்கு உசிரு" என்று இன்னொன்றும் தின்றாள். கெமிஸ்ட்ரி மிஸ் முகத்தைப் பார்க்கவேண்டும். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்ச் சிரித்தேன். சிரிக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த டப்பாவில் மீதியிருந்ததை அவளோடு உட்கார்ந்து ஒன்று எடுத்துத் தின்றிருக்கலாம். தின்னவில்லை.

அவள் மட்டும் மாறவே இல்லை. அதே கறுப்பு, அதே வௌவால், அதே சரி-ஏன். பரிகாரமா என்று நேராகக் கேட்டவர்களிடம் "பிடிக்கும் மிஸ்" என்றே சொன்னாள். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜோசியர் வெளியே சொல்லக் கூடாது என்றிருக்கிறாரே.

எங்கள் பள்ளியில் ஹால் டிக்கெட் கொடுப்பது ஒரு விசேஷம். பப்ளிக் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஹால் டிக்கெட்டையெல்லாம் தாம்பாளத்தில் அடுக்கி ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் வைத்துப் பூஜை செய்வார்கள். பிறகு வகுப்பாசிரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் நெற்றியில் குங்குமம் வைத்து, ஹால் டிக்கெட்டும் ஒரு பேனாவும் கையில் கொடுப்பாள். பெற்றோர் எல்லாரும் வந்து நிற்பார்கள். அழுகிற தாய்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளை வருஷம் முழுக்க மேய்த்த டீச்சருக்கு அது ஒன்றுதான் மரியாதை. அவள் அதற்காகப் புதுப் புடவை எடுத்திருந்தாள். கறுப்பு என்று சொல்லமுடியாத கரும்பச்சை, வெயிலில் நின்றால் மட்டும் பச்சை தெரியும். "குங்குமம் வைக்கப் போறமேன்னு கொஞ்சம் கலரா எடுத்தேன் மிஸ்" என்று என்னிடம் காட்டினாள். அவள் தானாகவே இறங்கி வந்த தூரம் அது. எனக்கு அப்போது அதன் அளவு தெரியவில்லை.

பூஜை அன்று காலையில் எங்கள் இரண்டு பேரையும் கரெஸ்பாண்டன்ட் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு உறை இருந்தது. கரெஸ்பாண்டன்ட் அன்பாகத்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஏழரை நடக்கறவங்க கையால ஹால் டிக்கெட் வாங்கறது புள்ளைங்களுக்கு அவ்ளோ சரி கெடையாது. பேரன்ட்ஸ் கேக்கறாங்க. இன்னிக்கு மட்டும் தமிழ் மிஸ் குடுக்கட்டும். நீ மாடியில லேப்ல இரு." உறையைத் தொட்டுக் காட்டினார். "ஒன் ஆர்டர் ரெடி. டைப் அடிச்சாச்சு. பரிகாரம் என்னிக்கு முடியுதுன்னு சொல்லு, அதுக்கு மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் பக்கம் திரும்பி, ஏதாவது ஒரு தேதியைச் சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். சித்திரையில் முடியுது சார் என்றால் போதும். கையெழுத்து விழுந்துவிடும்.

அவள் உறையைப் பார்த்தாள். கரெஸ்பாண்டன்டைப் பார்த்தாள்.

"எனக்கு ஏழரை எதுவும் இல்ல சார். பரிகாரமும் இல்ல. கறுப்பு எனக்குப் பிடிக்கும். அதான் கட்டறேன். ஹால் டிக்கெட்ட நான் குடுக்கலாம் சார்."

கரெஸ்பாண்டன்ட் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அன்பெல்லாம் வடிந்திருந்தது.

"தமிழ் மிஸ். நீங்கதான எங்கிட்ட சொன்னீங்க?"

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஆமாம் சார், நான் கட்டின கதை, அவங்களுக்கு அதுல பங்கில்ல. பத்து வார்த்தைகூட இல்லை. எனக்கு ஓய்வுக்கு ஆறு வருஷம் இருந்தது. என்னைத் திட்டியிருப்பார், இன்சார்ஜைப் பிடுங்கியிருப்பார். அதற்கு மேல் என்ன செய்திருக்கமுடியும்? அது இப்போது தெரிகிறது. அப்போது வாய் மறுபடியும் தானாகத் திறந்தது.

"அவங்கதான் சார் எங்கிட்ட அப்படிச் சொன்னாங்க. எனக்கு என்னா தெரியும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று சொல்வாள், பஸ் ஸ்டாப் பேச்சையெல்லாம் எடுத்துப் போடுவாள் என்று பயந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தன்னைப் பற்றிக் காரணம் சொல்லிப் பழக்கமே கிடையாது. நான் கெட்டிக்காரத்தனமாக அதில்தான் பிழைத்துக்கொண்டேன்.

"கறுப்புகூடப் பரவால்லம்மா" என்றார் கரெஸ்பாண்டன்ட். நிஜமாகவே புண்பட்டிருந்தார், அதையும் சொல்லவேண்டும். "பகவான் பேர்ல பொய் சொல்லியிருக்க. அதுவும் சனீஸ்வரன் பேர்ல. நான் அந்த வாசல்ல வருஷா வருஷம் போய் நிக்கறவன்." உறையை எடுத்து டிராயருக்குள் போட்டார். டிராயரை மூடினார்.

மஞ்சள் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்த நான் ஹாலுக்குப் போனேன். ஒவ்வொரு நெற்றியாகக் குங்குமம் வைத்தேன். என் விரல் சிவந்துபோயிருந்தது. எனக்குக் கோத்திக் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண் முறை வந்ததும் கையை நீட்டாமல் நின்றாள்.

"எங்க மிஸ் எங்க, மிஸ்?"

"லேப்ல வேலை இருக்கு. வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டாள். பூஜை முடிந்ததும் அவளும் இன்னும் மூன்று பெண்களும் படியிறங்கி லேபுக்கு ஓடினார்கள். மற்றப் பிள்ளைகளும் கிளம்பத்தான் பார்த்தன. தாய்மார்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் எல்லாரையும் போல அவளும் வீட்டுக்குப் போனாள். அவள் வகுப்பில் எல்லாரும் பாஸ். கரெஸ்பாண்டன்ட் பேனர் கட்டினார், வகுப்பாசிரியை படம் போடுகிற கட்டத்தில் பள்ளிக்கூட முத்திரையைப் போட்டுவிட்டார்கள். ஜூனில் அவளுக்குப் போன் அடிக்கவில்லை. அடிக்காது என்று ஸ்டாஃப் ரூமில் எனக்கு மட்டும் முன்பே தெரியும். நானாவது ஒரு போன் அடித்திருக்கலாம். நம்பர் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு அடிக்கலாம் என்றிருந்தேன். உடை விதித் தாளை மறுபடி டைப் செய்தார்கள். கறுப்பு நிறம் தவிர்க்கவும் என்று ஒரு வரி சேர்ந்தது. கீழே என் கையெழுத்து.

கார்த்திகையில் பி.டி. சார் மாலை போட்டுக்கொண்டு கறுப்பில் வந்தார். எல்லாரும் கும்பிட்டோம்.

போன மாதம் தவளக்குப்பத்தில் ஒரு சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. முடித்துவிட்டு ஜங்ஷனில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஏதோ ஒரு பள்ளி விட்டிருந்தது. டீச்சர்கள் நாலைந்து பேர் ரோட்டைக் கடந்து வந்தார்கள், எல்லாரும் ஒரே மாதிரி கிளிப்பச்சையில் ஆரஞ்சுக் கரை போட்ட புடவை. அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. நெற்றியில் சிவப்புப் பொட்டு, தலையில் ஒரு முழம் கனகாம்பரம், காதில் ஒட்டினாற்போல் தங்கத்தில் ஒரு தோடு. ரவிக்கை கிளிப்பச்சை. மேட்சிங்.

"நல்லா இருக்கீங்களா மிஸ்?"

குரல்தான் காட்டிக்கொடுத்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கார் மிஸ், கண்ணுதான் சுத்தமாத் தெரியல என்றாள். இங்கே வந்து ஒரு வருஷமாகிறது, ப்ளஸ் டூ இல்லை, ஆறாவது ஏழாவதுக்குத்தான் எடுக்கிறேன் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் கீழே போனது, பழைய வேலைப் புத்தி. திறந்த செருப்புதான் போட்டிருந்தாள். பத்து நகமும் வெறுமனே இருந்தன.

அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எத்தனையோ ராத்திரி வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். வந்தது இதுதான்:

"கறுப்பு கட்டறத விட்டுட்டியாம்மா?"

கடலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கண்டக்டரிடம் இறங்குகிற இடத்தைச் சொல்கிற மாதிரி, குத்தலே இல்லாமல் சொன்னாள்.

"பரிகாரம் முடிஞ்சிடுச்சு மிஸ்."

ஏறிக்கொண்டாள். நானும் அந்த பஸ்ஸில்தான் போகவேண்டும். போகவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். அந்தக் கறுப்புக்கு அவள் என்னிடம் சொன்ன ஒரே காரணம் அது. அதுவும் நான் கொடுத்தது.